பின்னால ஓடுறது யாரு? - அக்காவின் கம்ப்யூட்டர் டிப்ஸ்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு என் சித்தி பொண்ணு போன் பண்ணினா. "அக்கா, கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். எஸ்விசி ஹோஸ்ட்னு ஒரே பேரு எழுபது தடவை இருந்துச்சு. வைரஸ்தான்னு ஒவ்வொண்ணா எண்ட் டாஸ்க் குடுத்துட்டே வந்தேன். திடீர்னு நீலமா ஒரு திரை வந்து, எல்லாம் அணைஞ்சு போச்சு."

அவ கொன்னது வைரஸை இல்லை, விண்டோஸை. ஸ்டார்ட் பண்ணினதும் திரும்ப எழுந்துடுச்சு, பாதகம் இல்லை. ஆனா நம்ம ஊருல இந்த மாதிரி போன் எனக்கு மாசத்துக்கு நாலு வருது. பிள்ளையார்பாளையத்துல வீட்டோட பட்டுப்புடவை டிசைன் சென்டர் வெச்சிருக்கேன், அதனால கம்ப்யூட்டர் விவகாரம் எல்லாம் அக்காவுக்குத் தெரியும்னு ஒரு நம்பிக்கை. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். அதை ஒரு தடவை எழுதியே வெச்சிடலாம்னு உட்கார்ந்தேன், தங்கச்சி.

முதல்ல பயத்தை விடு. சும்மா கிடக்குற விண்டோஸ்லயே நூறுக்கு மேல ப்ராசஸ் ஓடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். அதுல தெரியாத பேரா இருக்குறதாலயே ஒண்ணு வைரஸ் ஆயிடாது. எஸ்விசி ஹோஸ்ட்ங்கறது ஒரு கூடு. வைஃபை, பிரின்டர், சவுண்டு, அப்டேட்னு விண்டோஸோட சின்னச் சின்ன வேலைகள் எல்லாம் அந்தக் கூட்டுக்குள்ள இருந்துதான் ஓடும். முன்னெல்லாம் பத்து வேலை ஒரே கூட்டுல இருக்கும். 2017 ஏப்ரல்ல வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுக்கு அப்புறம், 3.5 ஜிபிக்கு மேல ராம் இருக்குற மெஷின்ல ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கூடு குடுத்துட்டாங்க. அதனாலதான் எழுபது.

அதே மாதிரி "ஆன்ட்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்" உன் சிபியூவைத் தின்னுதுன்னா அது விண்டோஸோட சொந்தக் காவல்காரன் டிஃபென்டர். ஸ்கேன் பண்ணிட்டு இருக்கான், பத்து நிமிஷம் பொறு. டீடெய்ல்ஸ் டேப்ல "சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்" 95ன்னு காட்டும். அதைப் பார்த்து அலறினவங்க உண்டு. ஐடில்னா சும்மா இருக்குறது. மெஷின் நூத்துல 95 பங்கு ஓய்வா இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

சரி, அப்போ திருடனை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பேரை வெச்சு முடியாது. திருடன் நல்ல பேருதான் வெச்சுக்குவான். நம்ம ஊருல ஜரிகையை எப்படிப் பார்ப்போம்? மேல தங்கக் கலர் எல்லாத்துலயும் இருக்கும். சுரண்டிப் பார்த்தா அடியில வெள்ளி, அதுக்கும் அடியில சிவப்புப் பட்டு நூல் வரணும். வரலைன்னா போலி. ப்ராசஸையும் அப்படிச் சுரண்ட மூணு கேள்வி இருக்கு.

எங்க குடியிருக்கே? இதுதான் முதல் கேள்வி, பாதி திருடங்க இதுலயே மாட்டிக்குவாங்க. சந்தேகப்படுற பேரு மேல ரைட் கிளிக் பண்ணி "ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்" குடு. உண்மையான எஸ்விசி ஹோஸ்ட் சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சிஸ்டம்32ல இருக்கும். எக்ஸ்ப்ளோரர் விண்டோஸ் ஃபோல்டர்லயே இருக்கும். அதே பேரு டெம்ப்லயோ, ஆப்டேட்டாவுலயோ, டவுன்லோட்ஸ்லயோ, பப்ளிக்ங்கற ஃபோல்டர்லயோ உட்கார்ந்திருந்தா அது வேஷம். ஒரு விதிவிலக்கு சொல்லிடறேன். ஜூம் மாதிரி சில நல்ல ப்ரோக்ராமும் ஆப்டேட்டாவுலதான் குடியிருக்கும். அதனால இடத்தை மட்டும் பார்த்துத் தூக்குல போட்டுடாதே.

பேரோட எழுத்தையும் கூட்டிப் படி. எஸ், வி, சி இருக்க வேண்டிய இடத்துல எஸ், சி, வின்னு மாத்தி வெச்சிருப்பாங்க. ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்ஜியம் போடுவாங்க. எல்சாஸ்னு ஒரு முக்கியமான ப்ராசஸ் இருக்கு, லாகின் சமாச்சாரம் பார்க்குறது. அதோட சின்ன எல் எழுத்தை எடுத்துட்டு பெரிய ஐ போட்டா கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எல்சாஸ் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டு இருந்தா ஒண்ணு மாறுவேஷம்.

ரெண்டாவது கேள்வி, உனக்குக் கையெழுத்து போட்டது யாரு? ஃபைல் மேல ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், அதுல "டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்"னு ஒரு டேப் வரும். மைக்ரோசாஃப்ட், கூகிள், பிரின்டர் கம்பெனின்னு தயாரிச்சவங்க பேரு இருக்கும். இங்க ஒரு சிக்கல். விண்டோஸோட சொந்த ஃபைல் பலதுக்கு இந்த டேப் வரவே வராது, ஏன்னா கையெழுத்து வேற ஒரு பட்டியல்ல மொத்தமா இருக்கும். அதுக்காகத்தான் நான் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்னு ஒரு டூல் வெச்சிருக்கேன். இலவசம். சிஸ்இன்டர்னல்ஸ்னு ஒரு கூட்டத்துக்காக மார்க் ருசினோவிச் எழுதினது. 2006ல மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியையே வாங்கிடுச்சு, அதனால இப்ப மைக்ரோசாஃப்ட் சைட்லயே கிடைக்கும். வேற எந்த சைட்ல இருந்தும் இறக்காதே. அதுல ஆப்ஷன்ஸ் மெனுவுல "வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸ்" டிக் பண்ணினா ஓடுற ஒவ்வொண்ணோட கையெழுத்தையும் சரிபார்த்துக் காட்டும். அதே மெனுவுல வைரஸ்டோட்டல் இருக்கு. ஃபைலோட கைரேகையை மட்டும் அனுப்பி, எழுபது சொச்சம் ஆன்ட்டிவைரஸ்கிட்ட ஒரே நேரத்துல கேட்டு வரும். எழுபதுல ஒண்ணு, ரெண்டு மட்டும் சிவப்பு காட்டினா பெரும்பாலும் தப்பு அலாரம். நாற்பது காட்டினா யோசிக்க வேண்டாம். ஆனா கஸ்டமர் டிசைனையோ, பேங்க் பேப்பரையோ அங்கே நேரா அப்லோட் பண்ணிடாதே. அங்கே ஏத்துறது மத்தவங்க கைக்கும் போகும்.

மூணாவது, உன்னை எழுப்பி விடுறது யாரு? ப்ராசஸைக் கொன்னாலும் மறுபடி மறுபடி எழுந்து வருதுன்னா எங்கேயோ அதை எழுப்புற ஆள் இருக்கு. டாஸ்க் மேனேஜர்லயே ஸ்டார்ட்அப் டேப்பைப் பாரு. அங்கே இல்லைன்னா "டாஸ்க் ஷெட்யூலர்" திறந்து, தினமும் இத்தனை மணிக்கு எதையாவது ஓட்டுன்னு யாராவது எழுதி வெச்சிருக்காங்களான்னு பாரு. எல்லாத்தையும் ஒரே இடத்துல பார்க்க அதே சிஸ்இன்டர்னல்ஸ்காரங்க ஆட்டோரன்ஸ்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. அதுல சந்தேகமானதை அழிக்காதே, டிக்கை மட்டும் எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணு. தப்புன்னா திரும்ப டிக் போட்டுக்கலாம்.

ஒரு தந்திரத்தையும் தெரிஞ்சு வெச்சுக்கோ. ஃபேன் ஹோன்னு கத்தும், டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் கப்சிப்னு அடங்கிடும். மூடினதும் மறுபடி கத்தும். உன் மின்சாரத்துல எவனோ கிரிப்டோ காசு தோண்டுறான்னு சந்தேகப்படு. டாஸ்க் மேனேஜர் திறந்தா ஒளிஞ்சுக்கிற மாதிரியே சிலதை எழுதியிருக்காங்க.

இதெல்லாம் உள்ளே எப்படி வருது? நம்ம ஊருக்குன்னு ரெண்டு வாசல் இருக்கு. ஒண்ணு பென்டிரைவ்.

அப்பா காலத்துல கிராஃப் பேப்பர்ல கட்டம் கட்டமா டிசைன் போட்டு, அதைப் பார்த்து அட்டை அடிச்சு, அட்டையைக் கோர்த்து தறியோட ஜக்கார்டு பெட்டியில மாட்டுவாங்க. அந்த அட்டைக்கு வைரஸ் வராது, எலிதான் வரும். இப்ப தாழம்பூ ரேக்கா இருக்கட்டும், இருதலைப்பட்சியா இருக்கட்டும், கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டு பென்டிரைவ்ல குடுக்குறோம். அந்த ஒரு பென்டிரைவ் எங்க வீட்டுல கிளம்பி, அட்டை அடிக்குற இடத்துக்குப் போய், எலக்ட்ரானிக் ஜக்கார்டு வெச்சிருக்குற தறி வீட்டுக்குப் போய், வழியில ஜெராக்ஸ் கடையில ஆதார் பிரின்ட் எடுக்கவும் குத்தப்பட்டு, சாயங்காலம் திரும்பி வரும். ஊரு முழுக்கச் சுத்தின காலைக் கழுவாம பூஜை ரூமுக்குள்ள வர்ற மாதிரி.

அதுல வர்றது பெரும்பாலும் ஷார்ட்கட் வைரஸ். உன் ஃபோல்டரை எல்லாம் ஒளிச்சு வெச்சுட்டு, அதே பேருல ஷார்ட்கட்டைப் போட்டுடும். அதோட ஐகான் மூலையில சின்ன அம்புக்குறி இருக்கும், சைஸ் ஒண்ணு ரெண்டு கேபிதான் காட்டும். அதைக் கிளிக் பண்ணினா ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் உள்ளே இறங்கிடும். ஃபோல்டர் திறந்துடுதேன்னு யாருக்கும் சந்தேகமே வராது. அப்படிப் பார்த்தா உடனே பென்டிரைவை ஃபார்மேட் பண்ணிடாதே! டிசைன் அங்கேயேதான் இருக்கு. ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல வியூ டேப்புக்குப் போய், மறைஞ்ச ஃபைலைக் காட்டுன்னு குடு. "ஹைட் ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்" டிக்கையும் எடு. மங்கலா உன் பழைய ஃபோல்டர் தெரியும். அதுக்குள்ள இருக்குற டிசைன் ஃபைலை மட்டும் வெளியே எடுத்து வெச்சுட்டு, அப்புறம் ஃபார்மேட் பண்ணு. அதே வியூ டேப்ல "ஹைட் எக்ஸ்டென்ஷன்ஸ்" டிக்கை நிரந்தரமா எடுத்துடு. "பில்.பிடிஎஃப்"னு தெரியுற ஃபைல், உண்மையில "பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ"யா இருந்தா அப்பதான் கண்ணுல படும்.

ரெண்டாவது வாசல் க்ராக். டிசைன் சாஃப்ட்வேர் விலை அதிகம்னு, சர்வீஸ் பண்ண வந்த ஒருத்தர் எனக்கு ஓசியில ஒண்ணு போட்டுக் குடுத்தார். "இன்ஸ்டால் ஆகும்போது மட்டும் ஆன்ட்டிவைரஸை அணைச்சுடுங்க மேடம்"னு சொன்னார். நானும் தலையாட்டினேன். மூணாம் நாள் காலையில என் டிசைன் ஃபைல் எல்லாத்தோட பேருக்குப் பின்னாலயும் ஒரு புது வால் முளைச்சிருந்துச்சு. ஒண்ணும் திறக்கலை. ஒவ்வொரு ஃபோல்டர்லயும் "ரீட்மீ"ன்னு ஒரு கடுதாசி. 980 டாலர் குடு, 72 மணி நேரத்துக்குள்ள பேசினா பாதி விலை, 490. ஸ்டாப், டிஜேவியுன்னு சொல்ற ரான்சம்வேர் அது. உலகம் முழுக்க க்ராக் தேடுறவங்களைக் குறி வெச்சே பரவினது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் வேற நின்னுட்டிருந்துச்சு. அழுதேன், மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. மூணு வருஷ டிசைன் போச்சு. கடைசியில அப்பாவோட டிரங்குப் பெட்டியில இருந்த கிராஃப் பேப்பரை எடுத்து, ராத்திரி பகலா திரும்பக் கட்டம் போட்டேன்.

உனக்கு அப்படி ஆச்சுன்னா காசு குடுக்காதே, குடுத்தாலும் சாவி வரும்னு உத்தரவாதம் இல்லை. அந்தப் பூட்டின ஃபைலை அழிச்சும் போடாதே, ஒரு டிரைவ்ல எடுத்து வை. "நோ மோர் ரான்சம்"னு ஐரோப்பியப் போலீசும் ஆன்ட்டிவைரஸ் கம்பெனிகளும் 2016ல ஆரம்பிச்ச சைட்ல, சில வகைகளுக்கு இலவசச் சாவி போடுறாங்க. 2019 அக்டோபர்ல ஸ்டாப்போட பழைய வகைகளுக்கு ஒரு சாவி வந்துச்சு. என்னோடது அதுல சேரலை.

க்ராக் போட்டிருந்த மெஷின்னா இன்னொண்ணு கட்டாயம் பாரு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. விண்டோஸ் செக்யூரிட்டி திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கீழே "எக்ஸ்க்ளூஷன்ஸ்". இந்த இடத்தை மட்டும் சோதிக்காதேன்னு காவல்காரனுக்கு எழுதிக் குடுத்த பட்டியல் அது. என் மெஷின்ல சி டிரைவே முழுசா அதுல இருந்துச்சு. அப்புறம் டிஃபென்டர் என்ன செய்யும், பாவம். நீயா போடாதது எது இருந்தாலும் எடுத்துடு.

நம்மகிட்ட என்ன இருக்கு, சின்ன ஆளுங்க, நம்மளை எவன் குறி வைப்பான்னு நினைக்காதே. பெரிய இடத்துலயும் ஒரு ஆளோட ஒரு கம்ப்யூட்டர்லதான் ஆரம்பிக்குது. 2019 செப்டம்பர் 4ஆம் தேதி மத்திய அரசோட செர்ட்-இன் அமைப்பு இந்திய அணுமின் கழகத்துக்கு ஒரு தகவல் குடுத்துச்சு. நம்ம கூடங்குளம் அணுமின் நிலையத்துல மால்வேர். அக்டோபர் கடைசியில விஷயம் வெளியே கசிஞ்சப்போ முதல்ல மறுத்தாங்க, மறுநாளே, 30ஆம் தேதி, ஆமாம்னு ஒத்துக்கிட்டாங்க. உலை ஓட்டுற நெட்வொர்க் தனியா இருந்ததால அதுக்குப் பாதிப்பு இல்லை, நிர்வாக வேலைக்கான இன்டர்நெட் இணைப்புல இருந்த ஒருத்தரோட பிசியிலதான் வந்துச்சுன்னு சொன்னாங்க. டிட்ராக்னு அந்த மால்வேருக்குப் பேரு. அது என்னென்ன திருடும்னு ஆராய்ச்சிக்காரங்க எழுதியிருந்தாங்க: தட்டுற ஒவ்வொரு எழுத்து, பிரவுசர்ல போன இடங்கள், டிஸ்க்ல இருக்குற ஃபைல் பட்டியல், ஓடுற எல்லா ப்ராசஸோட பட்டியல். கவனிச்சியா? நீ ஒரு நாளும் பார்க்காத அந்தப் பட்டியலை அவன் பார்க்குறான்.

இனி சுத்தம் பண்ற வரிசை. வைஃபையை முதல்ல அணை, கேபிள் இருந்தா பிடுங்கு. தேவையான டிசைன், போட்டோ, பில் இதை மட்டும் ஒரு டிரைவ்ல எடு. செட்அப் ஃபைல் எதையும் கூடக் கொண்டு போகாதே. அப்புறம் கன்ட்ரோல் பேனல்ல இன்ஸ்டால் ஆன தேதிப்படி வரிசைப்படுத்திப் பாரு. தொல்லை ஆரம்பிச்ச நாளுல உனக்குத் தெரியாம எது வந்துச்சோ அதை நீக்கு. டிஃபென்டரை அப்டேட் பண்றதுக்கு மட்டும் நெட்டைப் போட்டு, ஃபுல் ஸ்கேன் ஓட்டு. அதுக்கும் அடங்கலைன்னா ஸ்கேன் ஆப்ஷன்ஸ்லயே "ஆஃப்லைன் ஸ்கேன்" இருக்கு. மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே சோதிக்கும். சுமார் 15 நிமிஷம். விண்டோஸே தூங்கறப்போ திருடனால ஒளிய முடியாது, அதனால எனக்கு இதுமேல மரியாதை அதிகம்.

இன்னொரு கண்ணு பார்க்கட்டும்னு தோணினா, 2017 பிப்ரவரியில மத்திய அரசு ஆரம்பிச்ச சைபர் ஸ்வச்தா கேந்திராவோட சைட்டுக்குப் போ. ஆன்ட்டிவைரஸ் கம்பெனிகளோட சேர்ந்து இலவசமா பாட் ரிமூவல் டூல் குடுக்குறாங்க. அதுல கே7 நம்ம சென்னைக் கம்பெனி, 1991ல இருந்து இருக்கு. தெரியாத சைட்ல "ஃப்ரீ க்ளீனர்"னு மின்னுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

பிரவுசரையும் மறந்துடாதே. திரையோட ஓரத்துல "உங்க கம்ப்யூட்டர்ல 5 வைரஸ்"னு சிவப்பா வந்துட்டே இருக்குன்னா, பல நேரம் அது வைரஸே இல்லை. ஏதோ படம் பார்க்குற சைட்டுக்கு நீ ஒரு நாள் "அலோ" குடுத்திருப்பே. குரோம் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்த சைட்டை எடுத்துட்டா நின்னுடும். எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் ஒரு தடவை பார்த்துடு. அந்த மாதிரி திரையில ஒரு போன் நம்பர் போட்டு, மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்னு இருந்தா கூப்பிடவே கூடாது. மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில போன் நம்பர் போடவே போடாது. கூப்பிட்டா, தூரத்துல இருந்தே உன் மெஷினை ஓட்ட விடுற எனிடெஸ்க் போடச் சொல்வான். அது நல்ல ப்ரோக்ராம்தான், ஆனா நீ உன் வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரி. பணம் போயிடுச்சுன்னா வெட்கப்பட்டு உட்காராதே, அந்த நிமிஷமே சைபர் குற்ற ஹெல்ப்லைன் 1930க்குப் போன் பண்ணு. எவ்வளவு சீக்கிரம் சொல்றியோ அவ்வளவு பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு.

சுத்தம் பண்ணினப்புறம் பாஸ்வேர்டு எல்லாம் மாத்து. அதே மெஷின்ல இருந்து இல்லை, போன்ல இருந்து. மெயில் முதல்ல, அப்புறம் பேங்க்.

இவ்வளவும் செஞ்சும் அதே ப்ராசஸ் எழுந்து வருதா? போராடாதே. டேட்டாவை எடுத்துட்டு விண்டோஸைப் புதுசா போட்டுடு. மூணு நாள் துரத்துறதைவிட மூணு மணி நேரம் மேல். போடும்போது பழைய விண்டோஸையே போடச் சொல்லாதே. 2017 மே மாசம் வானாக்ரை ரான்சம்வேர் உலகத்தையே ஆட்டி வெச்சுச்சே, அதுக்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் ரெண்டு மாசம் முன்னாடி, மார்ச்லயே குடுத்துடுச்சு. அப்டேட் போடாதவங்கதான் மாட்டினாங்க. தம்பிக்கு ஸ்கூல்ல குடுத்த அரசு லேப்டாப்ல இன்னும் விண்டோஸ் 7 இருந்தா, அதுக்கு 2020 ஜனவரியோட அப்டேட் நின்னாச்சு. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான அப்டேட் முடிஞ்சுது. அந்தப் பழைய லேப்டாப்புல படம் பார்த்துக்கோ, பேங்க் வேலை வேண்டாம்.

நான் இப்ப என்ன செய்யறேன்னா, வெளியே போற பென்டிரைவுக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கேன். அது என் டிசைன் மெஷின்ல குத்தவே கூடாது, பழைய லேப்டாப் ஒண்ணுல மட்டும்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேத்தினதும் டிசைன் எல்லாத்தையும் வெளி டிரைவ்ல காப்பி பண்ணி, கழட்டி, பீரோவுல பட்டுப் புடவைக்குப் பக்கத்துல வெச்சுடறேன். கழட்டணும், அதுதான் முக்கியம். மாட்டியே இருந்தா ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

சித்தி பொண்ணு கதை பாக்கி இருக்கு. மறுநாள் போய், மேல சொன்ன எல்லாத்தையும் ஒண்ணொண்ணா பார்த்தேன். ஒரு வைரஸும் இல்லை. பயத்துல ரெண்டு வேற வேற ஆன்ட்டிவைரஸைப் போட்டு வெச்சிருந்தா. ஒண்ணு திறக்குற ஒவ்வொரு ஃபைலையும் இன்னொண்ணு சந்தேகப்பட்டு திரும்பச் சோதிச்சுட்டு இருந்துச்சு. ஒண்ணை நீக்கினோம், இப்ப நல்லா ஓடுது.